நிச்சயதார்த்த மோதிரத்துக்கு லேப் வைரமா, இயற்கை வைரமா? கடைக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கடைக்காரர் கறுப்பு வெல்வெட் தட்டில் ரெண்டு மோதிரங்களை வைக்கிறார். ஒரே டிசைன். ரெண்டிலும் ஒரு காரட் கல். ஒன்றின் விலைச் சீட்டில் சில லட்சங்கள். இன்னொன்றில் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. "இதுல எதுங்க ஒரிஜினல்?" என்று கேட்டால், "ரெண்டுமே ஒரிஜினல் வைரம்தான் சார்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகச் சொல்லவும் இல்லை.

நம்ம வீடுகளில் நிச்சயம் என்றால் தாம்பூலத் தட்டு மாற்றுவதும் லக்னப் பத்திரிகை வாசிப்பதும்தான். மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதில் வைரம் வந்தது இன்னும் சமீபத்தில். அப்பா அம்மா வாங்கிக் கொடுத்த காலம் போய், இன்று பெங்களூரிலோ சென்னையிலோ புனேயிலோ வேலை பார்க்கும் ரெண்டு பேரே சம்பளத்திலிருந்து எடுத்து வாங்குகிறார்கள். பலருக்கு அது ரெண்டு மூணு மாதச் சம்பளம், சிலருக்கு இஎம்ஐ. அவ்வளவு பணம் போடும் பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தது, கடையில் அந்த அரை மணி நேரத்தில் கேட்டது மட்டும்தான் என்றால் அது சரியாகாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம்

லேபில் வளர்த்த வைரம் 'டூப்ளிகேட்' இல்லை. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கடைத்தெருவில் கிடைப்பது கியூபிக் சிர்கோனியா. அது சிர்கோனியம் ஆக்சைடு, வைரமே இல்லை. மாய்சனைட் என்பது சிலிக்கான் கார்பைடு. அதுவும் வைரம் இல்லை. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கமும் பல தலைமுறைகளாகக் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டி வந்த 'திருச்சி வைரம்' பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதுவும் செயற்கைக் கல்தான், கார்பன் படிகம் கிடையாது. 'செயற்கை வைரம்' என்ற ஒரே பெயரில் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதால்தான் லேப் வைரத்தையும் அந்த வரிசையில் வைத்துவிடுகிறோம்.

லேப் வைரம் சுத்தமான கார்பன். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம், கடினத்தன்மை, ஒளிவிலகல் எண் 2.42 எல்லாம் இயற்கை வைரத்துக்கு உள்ளதுதான். கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை வைத்து 'பீப்' என்று ஒலித்ததும் "பாருங்க, வைரம்" என்பார்களே, லேப் வைரத்தில் வைத்தாலும் அது ஒலிக்கும். அந்தக் கருவி பார்ப்பது வெப்பக் கடத்துதிறனை. அதில் ரெண்டும் ஒன்றுதான். அதனால் அந்த 'பீப்' உங்களுக்கு எதையும் நிரூபிக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வித்தியாசம் பிறந்த இடத்தில். இயற்கை வைரம் பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே, 100 கோடி ஆண்டுகளுக்கு மேல், சில கற்கள் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தவை. லேப் வைரம் சில வாரங்களில் வளர்ந்துவிடும்.

அதற்கு ரெண்டு வழி. ஒன்று எச்பிஎச்டி. பூமிக்குள் இருக்கும் சூழலையே இயந்திரத்தில் உருவாக்குவது. 1,300 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம், வளிமண்டலத்தைப் போல 50,000 மடங்குக்கு மேல் அழுத்தம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954 டிசம்பரில் இப்படித்தான் வைரம் செய்தது. அப்போது தொழிற்சாலைக் கருவிகளுக்குத்தான் அது பயன்பட்டது. நகைக்குத் தகுந்த கல் வர 1970 ஆனது. இன்னொரு வழி சிவிடி. காற்றில்லாத அறையில் மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் செலுத்தி, மைக்ரோவேவால் பிளாஸ்மா ஆக்குகிறார்கள். மீத்தேனிலிருந்து பிரியும் கார்பன் அணுக்கள் விதையின் மேல் படிந்து படிந்து கல் வளர்கிறது. சீனா எச்பிஎச்டியில் பெரிய ஆள், இந்தியா சிவிடியில். நம் சிவிடி கற்கள் பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகின்றன.

2023 ஜூனில் பிரதமர் மோடி வாஷிங்டன் போனபோது ஜில் பைடனுக்கு 7.5 காரட் வைரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அது லேப் வைரம். அமெரிக்க அரசின் பரிசுப் பட்டியலில் அதன் மதிப்பு 20,000 டாலர் என்று பதிவானது. அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில் லேப் வைர விதைகளுக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. ஐஐடி ஒன்றுக்கு ஆராய்ச்சி நிதியும் அறிவித்தார்கள். அது கிடைத்தது சென்னைக்கு. ஐஐடி மெட்ராஸில் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் செலவில் லேப் வைர ஆராய்ச்சி மையம் அமைந்திருக்கிறது. மோதிரம் மட்டுமல்ல, செமிகண்டக்டர், லேசர் போன்ற துறைகளுக்கும் இந்தப் படிகம் வேண்டும்.

விலை ஏன் இப்படிச் சரிஞ்சது?

பூமி எவ்வளவு வைரம் தரும் என்பது நம் கையில் இல்லை. இயந்திரம் எவ்வளவு தரும் என்பது எத்தனை இயந்திரம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சூரத்திலும் சீனாவிலும் நிறைய பேர் நிறைய இயந்திரம் வாங்கினார்கள். அவ்வளவுதான் கதை.

இந்தியச் சந்தையில் காரட்டுக்கு 60,000 ரூபாய் அளவில் இருந்த லேப் வைரம் ஒரே ஆண்டில் 20,000 அளவுக்கு இறங்கிவிட்டது என்று 2024ஐ ஒட்டிக் கணக்கிட்டது ஜிடிஆர்ஐ என்ற டெல்லி ஆய்வு அமைப்பு. டிவி, லேப்டாப் விலை இறங்குகிற மாதிரிதான். ஆனால் டிவியை யாரும் பரம்பரைச் சொத்து என்று சொல்லி விற்பதில்லை.

டி பியர்ஸ் கதை இன்னும் சுவாரசியம். 'வைரம் என்றென்றைக்கும்' என்ற பொருளில் 1947இல் ஒரு விளம்பர வாசகத்தை உருவாக்கி, நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் என்பதை உலகத்தின் மண்டையில் ஏற்றிய நிறுவனம் அது. 2018இல் அவர்களே 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் லேப் வைர நகை விற்க வந்தார்கள். காரட்டுக்கு 800 டாலர், பெரிசானாலும் சின்னதானாலும் அதே விகிதம். லேப் வைரம் ஃபேஷன் நகை, கல்யாண மோதிரத்துக்கு இல்லை என்று மக்கள் மனதில் பதிய வைப்பதுதான் திட்டம் என்று அப்போதே பேசினார்கள். சந்தை அவர்கள் சொன்னபடி கேட்கவில்லை. மக்கள் லேப் வைரத்தைத்தான் மோதிரத்துக்கு வாங்கினார்கள், விலையும் லைட்பாக்ஸைத் தாண்டிக் கீழே போனது. 2025 மே மாதம் லைட்பாக்ஸை மூடப்போவதாக டி பியர்ஸ் அறிவித்தது.

இதில் இயற்கை வைரமும் தப்பவில்லை. 2022இல் உச்சத்துக்குப் போன அதன் விலை அதன் பிறகு நன்றாகவே இறங்கியிருக்கிறது. உலகில் வெட்டிப் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது சூரத் கைகள் வழியாகப் போகிறது என்பார்கள். அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, கூலி குறைந்தது. 2023 டிசம்பரில் பென்டகனைவிடப் பெரிய அலுவலகக் கட்டடம் என்று சொல்லி சூரத் வைரச் சந்தை திறக்கப்பட்டது. அதே காலத்தில்தான் தெருவுக்குள் சின்னச் சின்னப் பட்டறைகள் மூடிக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது அடி இன்னும் பலமாக விழுந்தது.

சரி, நம்ம பட்ஜெட்டில் என்ன வரும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. தங்கம், மேக்கிங் சார்ஜ், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்க விலை தினம் ஏறுவதால் இது வெறும் உதாரணம்தான். மிச்சம் ஒரு லட்சம் கல்லுக்கு.

இயற்கை வைரத்தில், நல்ல வெள்ளை நிறமும் கண்ணுக்குத் தெரியாத அளவு குறையும் உள்ள கல் அரை காரட்டை ஒட்டித்தான் வரும். நம்ம கடைக் கணக்கில் 40, 50 சென்ட். 100 சென்ட் ஒரு காரட், ஒரு காரட் 0.2 கிராம். லேப் வைரத்தில் அதே பணத்துக்கு ரெண்டு காரட் வரை போகலாம். இல்லையென்றால் ஒரு காரட்டோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கல்யாண மண்டப அட்வான்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைக்குக் கடை விலை மாறும். ஆனால் தனிக் கல்லாகப் பார்த்தால் லேப் வைரம் இயற்கை வைரத்தின் விலையில் பத்தில் ஒன்று, ரெண்டு பங்குதான் என்பது இன்றைய நிலவரம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கு. காரட் என்பது எடை, அளவு இல்லை. வட்டமாக வெட்டிய அரை காரட் கல்லின் விட்டம் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர். ஒரு காரட் 6.5. ரெண்டு காரட் 8.1. எடை நாலு மடங்கு ஆனாலும் விரலில் தெரிவது மூணு மில்லிமீட்டர்தான் அதிகம். ஒல்லியான விரலுக்கு 8 மில்லிமீட்டர் கல் 'இது நிஜமா?' என்ற கேள்வியை ஆபீசில் கொண்டுவரும் என்று ஒரு தோழி சொன்னாள். அவள் ஒரு காரட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

இயற்கை வைரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னத் தந்திரம். 50 சென்ட், ஒரு காரட் போன்ற முழு எண்களில் விலை படிக்கட்டு மாதிரி ஏறும். 100 சென்டுக்குப் பதில் 92 சென்ட் கேளுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும். லேப் வைரத்தில் இந்தப் படிக்கட்டு அவ்வளவு செங்குத்து இல்லை.

4சி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: கட், கலர், கிளாரிட்டி, காரட். இதில் கிளாரிட்டி ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு இல்லை. மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை விவரிக்கும்போது சிலப்பதிகாரம் வைரத்துக்கு ஆகாத குற்றங்கள் நாலைச் சொல்கிறது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்கு லூப் வைத்துப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதும் ஏறக்குறைய அதைத்தான். இந்த நாலு சி-யில் காசைக் கொட்ட வேண்டிய இடம் கட். கல் மின்னுவது அதன் பட்டைக் கோணங்களால்தான். கலரிலும் கிளாரிட்டியிலும் ரெண்டு படி இறங்கினாலும் மோதிரத்தில் பதித்தபின் யாருக்கும் தெரியாது. கட்டில் இறங்கினால் தூரத்திலிருந்தே தெரியும்.

லேப் வைரத்தில் கலர், கிளாரிட்டி ரெண்டும் சுலபமாக உச்சத்தில் வருகின்றன. அதனால் சர்டிபிகேட்டை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். சில சிவிடி கற்களில் லேசான பழுப்புச் சாயல் இருக்கும், சிலவற்றில் பால் கலந்த மாதிரி மங்கல். எச்பிஎச்டி கற்களில் சில சமயம் நீலச் சாயல். கடையின் ஸ்பாட்லைட்டுக்குக் கீழே எல்லாம் மின்னத்தான் செய்யும். மோதிரத்தை வாசலுக்கோ ஜன்னலுக்கோ எடுத்துட்டுப் போய்ப் பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்க. விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீங்க.

திரும்ப விற்றால் என்ன கிடைக்கும்?

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தங்கத்தோடு பழகிய மனசு. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், விற்கலாம் என்ற நம்பிக்கையில்தான் நகையே வாங்குகிறோம்.

லேப் வைரத்துக்கு இன்று சொல்லிக்கொள்ளும்படியான மறுவிற்பனைச் சந்தை இல்லை. வாங்கிய கடையே பைபேக் தருவதாகச் சொல்லலாம், அந்தக் கடைக்கு வெளியே யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அடுத்த வருஷம் புதுக்கல்லே இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்றால் பழைய கல்லை யார் வாங்குவார்? கல்லுக்குக் கொடுத்த பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். மோதிரத்தில் இருக்கும் தங்கத்துக்கு மட்டும் எப்போதும் விலை உண்டு.

அதற்காக இயற்கை வைரம் முதலீடு என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீங்க. நீங்கள் கொடுக்கும் விலையில் கடை லாபம், மேக்கிங் சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் அவர்கள் எழுதிக் கொடுத்த விதிப்படி கல் மதிப்பில் ஒரு பகுதி வரும். வேறு கடைக்குப் போனால் சொல்லும் விலையைக் கேட்டு மோதிரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். தங்கத்துக்கு உள்ளது போல தினசரி ரேட் வைரத்துக்குக் கிடையாது. சில்லறையாக வாங்கும் ஒரு காரட் கல்லை லாபத்துக்கு விற்றவர்களைப் பார்ப்பது அரிது.

ஆனால் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கவும் கூடாது. இயற்கைக் கல்லில் நஷ்டத்தோடாவது ஒரு தொகை கைக்கு வரும். லேப் கல்லில் அனேகமாக வராது. இயற்கைக் கல்லில் நஷ்டப்படும் தொகையே பல சமயம் லேப் கல்லின் மொத்த விலையைவிட அதிகமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூணு லட்சத்துக்கு வாங்கி ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு விற்பது ஒரு நஷ்டம். முப்பதாயிரத்துக்கு வாங்கி ஒன்றும் கிடைக்காமல் போவது இன்னொரு நஷ்டம். எது பெரிது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

பைபேக் பற்றிக் கேட்கும்போது மூணு விஷயம் எழுத்தில் வாங்கணும். பணமாகத் தருவார்களா, வேறு நகைதான் எடுக்கணுமா? எத்தனை சதவீதம்? அந்தச் சதவீதம் நீங்கள் கொடுத்த விலையிலா, திருப்பிக் கொடுக்கும் அன்றைய கடை விலையிலா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. லேப் வைரத்தில் அதுதான் எல்லாம். விலை பாதியானபின் 'அன்றைய விலையில் 80 சதவீதம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

லேப் வைரத்தை லேப் வைரம் என்று தெரிந்து வாங்குவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. லேப் வைரத்தை இயற்கை வைர விலைக்கு வாங்கிவிடுவதுதான் ஆபத்து. கண்ணால் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது. ஐம்பது வருஷம் கல் பார்த்த அனுபவசாலிக்கும் முடியாது. லூப்பும் கைகொடுக்காது.

பிரித்தறிய ஆய்வகக் கருவிகள் உண்டு. இயற்கை வைரங்களில் 95 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன் கலந்திருக்கும், நிறமற்ற லேப் வைரங்களில் அது அனேகமாக இருக்காது. புறஊதா ஒளியில் ரெண்டும் வேறு வேறு மாதிரி ஒளிர்கின்றன. பெரிய நகைக்கடைகளில் இதற்கான ஸ்கிரீனிங் கருவிகள் இருக்கின்றன. அந்த பேனா டெஸ்டரை இதற்கும் காட்டினால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அதனால் இயற்கை வைரம் வாங்குவதாக இருந்தால், நடுக்கல்லுக்கு ஜிஐஏ, ஐஜிஐ போன்ற சுதந்திரமான ஆய்வகத்தின் சர்டிபிகேட் கட்டாயம். கடையின் சொந்த 'அத்தாட்சிப் பத்திரம்' போதாது. கல்லின் ஓரப்பட்டையில் அந்த சர்டிபிகேட் எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். லூப் கொடுத்து அதைக் காட்டச் சொல்லுங்கள். அதே எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் அடித்தால் முழு விவரம் வரும். எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் பொருந்துகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஐஜிஐயின் லேப் வைர ரிப்போர்ட் எண் 'எல்ஜி' என்ற எழுத்துகளில் தொடங்கும். இது தெரிந்தாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

ஜிஐஏ 2025 அக்டோபர் முதல் லேப் வைரங்களுக்குக் கலர், கிளாரிட்டி தரங்களைத் தனித்தனியாகக் கொடுப்பதை நிறுத்தியது. 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்று ரெண்டே பிரிவு. சந்தைக்கு வரும் லேப் கற்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருப்பதால் நுணுக்கமாகப் பிரிப்பதில் பொருள் இல்லை என்பது அவர்கள் வாதம். ஐஜிஐ பழைய முறையிலேயே தரம் பிரித்துத் தருகிறது. அதனால் லேப் வைரத்துக்கு ரெண்டு ஆய்வகங்களின் ரிப்போர்ட்டை அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள், குழப்பம்தான் வரும்.

சுற்றிலும் பதிக்கும் பொடிக்கற்கள் தனிக்கதை. ஒரு சென்ட், ரெண்டு சென்ட் கல்லுக்கு யாரும் தனி சர்டிபிகேட் எடுப்பதில்லை. இயற்கைப் பொடிக்கற்களோடு லேப் கற்கள் சொல்லாமல் கலக்கப்படுவது இந்தத் தொழிலே ஒப்புக்கொள்ளும் பிரச்சினை. இயற்கைக் கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நடுவில் ஒற்றைக் கல் மட்டும் உள்ள மோதிரமே நிம்மதி.

பில்லில் வார்த்தைகளைக் கவனியுங்கள். ஐஎஸ்ஓ 18323 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, அடைமொழி இல்லாமல் 'டைமண்ட்' என்று எழுதினால் அது இயற்கை வைரத்தை மட்டுமே குறிக்கும். லேப் வைரத்தை அப்படித்தான் என்று வெளிப்படையாகச் சொல்லணும். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2018இல் வைரத்தின் விளக்கத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை எடுத்தது உண்மை. ஆனால் லேபில் வளர்த்தது என்று தெளிவாக அறிவிக்கும் கடமையை எடுக்கவில்லை. உங்கள் பில்லில் இயற்கையா, லேபா, எத்தனை காரட், சர்டிபிகேட் எண் என்ன, தங்கத்தின் நிகர எடை எவ்வளவு என்பதெல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கல்லின் எடையைத் தங்க எடையோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்களா என்றும் பாருங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை, 'பிஐஎஸ் ஹால்மார்க் இருக்கே' என்பது. ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். 18 காரட் தங்கத்துக்கு 750, 14 காரட்டுக்கு 585 என்ற எண்ணும் ஆறு இலக்க எச்யுஐடியும் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அதைச் சரிபார்க்கலாம். கல் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தையும் சொல்லாது. தங்கத்தின் காரட் தரத்தைச் சொல்வது, வைரத்தின் காரட் எடையைச் சொல்வது. ஒரே சொல்லில் ரெண்டு அர்த்தம். படித்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

'சுரங்கம் இல்லை, அதனால் சுத்தம்' என்பது லேப் வைர விளம்பரம். பாதி உண்மை. பிளாஸ்மாவைச் சில வாரங்கள் அணையாமல் வைத்திருக்க ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து வந்ததா, நிலக்கரியிலிருந்தா என்பதைப் பொறுத்துத்தான் பதில். 2019இலேயே எஃப்டிசி எட்டு நகை நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆதாரமில்லாமல் 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று சொல்வதும் அதில் ஒரு புகார்.

இயற்கை வைரத்தின் பக்கம் ரத்தக்கறை இருக்கிறது. சியரா லியோன், அங்கோலா உள்நாட்டுப் போர்களுக்கு வைரம் பணம் கொடுத்தது. அதைத் தடுக்க 2003இல் கிம்பர்லி நடைமுறை வந்தது. ஆனால் அரசை எதிர்த்துப் போரிடும் கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் போகும் வைரத்தை மட்டுமே அது 'மோதல் வைரம்' என்கிறது. அரசே செய்யும் கொடுமையோ கூலிச் சுரண்டலோ அதன் கணக்கில் வராது. மறுபக்கம், போட்ஸ்வானா மாதிரி ஒரு நாட்டின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலையும் வைர வருமானத்தில் எழுந்தவை. ஆகவே ரெண்டு பக்கமும் 'நாங்கதான் சுத்தம்' என்று சொல்ல முடியாது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்கிறேன் என்பவர், நிறுவனத்திடம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு எழுத்தில் வாங்கலாம். பாட்டியின் பழைய கல்லை எடுத்து புது மோதிரத்தில் பதிப்பதைவிடப் பசுமையான வழி எதுவும் இல்லை.

பாட்டி என்ன சொல்வாங்க?

தமிழ்நாட்டில் வைரம் வெறும் நகை இல்லை. பேசரி, ஏழுக்கல் தோடு, மூக்குத்தி எல்லாம் மகளிடமிருந்து பேத்திக்குப் போகும். 'ப்ளூ ஜாகர்' என்றால் இன்றும் சில வீடுகளில் கண் விரியும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துப் பெயர் நம் ஊர் நகைக்கடையில் வந்து தங்கிவிட்ட கதை அது. புதுக் கல்லை ரெண்டு மூணு நாள் வீட்டில் வைத்திருந்து நல்லது கெட்டது பார்த்துவிட்டு வாங்கும் பழக்கமும் உண்டு. இயந்திரத்தில் பிறந்த கல்லுக்கு தோஷம் உண்டா என்று என் பெரியம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை, ஜோசியரிடமும் இருந்திருக்காது.

சிரித்துக் கடந்துவிடலாம், ஆனால் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மோதிரம் லேப் வைரம் என்பதை ரெண்டு பேர் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, வீட்டில் 'வைரம்' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ரெண்டு வருஷம் கழித்து யாராவது கடையில் காட்டும்போதோ, கஷ்ட காலத்தில் விற்கப் போகும்போதோ விஷயம் வெளியே வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு எழுகிறது. கல்லைவிட அந்தப் பேச்சுக்கு விலை அதிகம். ஜோடிக்குள்ளேயும் இதே கதைதான். சர்ப்ரைஸாக வாங்கணும் என்றால்கூட, எந்த வகைக் கல் என்பதில் அவர் மனசு என்ன என்று முன்பே பேச்சுவாக்கில் கேட்டு வைங்க.

அப்போ எதை வாங்கலாம்?

எங்கள் கருத்து கேட்டால் இதுதான். வீடு வாங்க சேர்க்கிறீர்கள், கல்விக் கடன் பாக்கி இருக்கிறது, ஆனால் விரலில் ஒரு நல்ல கல் வேண்டும் என்றால் லேப் வைரம் வாங்குங்கள், கூச்சப்படாமல். ஒரு காரட்டுக்குள், கட் உயர்ந்ததாக. அது போலி இல்லை. தேய்ந்தோ மங்கியோ போகாது. கடன் வாங்கி இயற்கை வைரம் வாங்காதீர்கள். வட்டியும் சேர்ந்த பிறகு அந்தக் கல்லின் கணக்கு எந்தப் பக்கமும் தேறாது.

இந்தக் கல் என் பேத்தி கைக்குப் போகணும், பூமியில் பிறந்ததுதான் எனக்கு அர்த்தம் என்று நினைக்கிறீர்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் இயற்கை வைரம். சின்னக் கல்லானாலும் பரவாயில்லை, சர்டிபிகேட்டோடு. திரும்ப விற்கும் எண்ணத்தோடுதான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு ரெண்டுமே வேண்டாம், தங்க மோதிரம் போதும்.

எதை எடுத்தாலும் 22 காரட் தங்கத்தில் கல் பதிக்கச் சொல்லி வீட்டில் வற்புறுத்தினால் கொஞ்சம் பேசிப் பாருங்கள். அது மெத்தென்றிருக்கும், கல்லைப் பிடித்திருக்கும் பற்கள் வளைந்துவிடும். 18 அல்லது 14 காரட்தான் தினசரிப் பயன்பாட்டுக்கு ஏற்றது. வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்குக் கொண்டுபோய் அந்தப் பற்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகள் இதற்குக் காசு வாங்குவதில்லை.

பில், சர்டிபிகேட், பைபேக் விதி மூன்றையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் மெயிலிலும் போட்டுவையுங்கள். இயற்கை என்று சொல்லி விற்ற கல் லேப் கல் என்று பின்னால் தெரிந்தால், வேறொரு ஆய்வகத்தின் ரிப்போர்ட்டோடு முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஆனால் அந்தப் பில்லில் வெறும் 'ரிங் – 1' என்று எழுதியிருந்தால் யாரிடம் போனாலும் வாதாடுவது கஷ்டம்.